கயிற்றின் மறுமுனை

ரம்பம் மூன்றாவது தடவையாக மரத்துக்குள் கவ்விக்கொண்டு நின்றது.

ஜெயபாண்டி கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்து, ஆட்டி ஆட்டி உருவினான். உள்ளங்கையில் ரத்தம் பிசுபிசுத்தது. துடைக்க நேரமில்லை. மரத்துண்டு ஒன்றை ஆப்பு போல அறுப்பு வாயில் செருகி, கோடாரியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டினான். மிக மெல்ல. தட்டும்போதே கண் மேலே போனது.

மேலே அது அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான்," என்று கீழே கிடந்த மாதவன் கூப்பிட்டான். "எவ்வளவு அறுந்திருக்கு?"

"பாதிக்கு மேல மாப்ள."

பொய். கால்வாசிகூட ஆகவில்லை.

மாதவன், ஜெயபாண்டியின் மனைவி நாகஜோதியின் தம்பி. இருபத்தாறு வயது. இப்போது அவன் இடுப்புக்குக் கீழே, தண்ணீர்க் குடம் பருமனில் ஒரு வாகைக் கிளை குறுக்கே கிடந்தது. வலது தொடை அதற்கு அடியில் எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. முதலில் கத்தினான். பிறகு முனகினான். இப்போது முனகவும் இல்லை, வெறுமனே பேசுகிறான். ஜெயபாண்டிக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆறடி தள்ளி மரம் அறுக்கும் மிஷின் மல்லாந்து கிடந்தது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. சங்கிலியும் நேற்றுத்தான் அரம் போட்டது. கயிற்றைச் சுண்டி ஸ்டார்ட் செய்தால் மூன்றே நிமிடம். கிளை இரண்டு துண்டு.

ஆனால் தொட முடியாது.

அந்த வாகை, கவைவிட்டு இரண்டாகப் பிரிந்த பட்ட மரம். ஒரு கவையிலிருந்து ஒடிந்ததுதான் மாதவன்மேல் கிடக்கிறது. மற்றக் கவை அடியில் பிளந்து, சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஒரு மொட்டைத் தென்னையின் உச்சியில் நுனியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிறது. சரியாக மாதவனுக்கு மேலே. மிஷின் அதிர்ந்தால் போதும். ஏன், பலமாகத் தும்மினால் போதும்.

பச்சை மரம் என்றால் விழுமுன் முறுகும். நார் கிழியும். ஓட நேரம் கொடுக்கும். பட்ட மரத்தில் நாரே கிடையாது. வண்டு தின்று மாவாக்கிய உள்ளும், வெயில் காய்ச்சிய தோலும்தான். சத்தம் காதுக்கு வருமுன் கிளை தலைக்கு வந்துவிடும்.

மணி பதினொன்றேகால். ஊத்துக்குளி தாண்டி, நொய்யலை ஒட்டி, நாச்சிமுத்து கவுண்டரின் நாலு ஏக்கர். ஒரு காலத்தில் தென்னந்தோப்பு. கிணற்றில் சாயத் தண்ணீர் ஊறியதும் ஒவ்வொன்றாகக் கருகி, குருத்து உதிர்ந்து, இப்போது அறுபது எழுபது மரங்கள் தலையில்லாமல் வரிசை வரிசையாக நின்றன. நிழலும் மொட்டை நிழல்தான். காக்கைகூட உட்காருவதில்லை. மண்ணிலிருந்து லேசாக ஒரு நெடி வந்துகொண்டே இருந்தது, துவைக்காத புதுப் பனியன் துணியின் நெடி.

சாயத் தண்ணீரில் செத்த மரம் சாயப்பட்டறை பாய்லருக்கே விறகாகப் போகும். இந்தப் பக்கத்தில் யாரும் இதை வேடிக்கையாகக்கூடச் சொல்வதில்லை.

நாச்சிமுத்து மூச்சிரைக்க ஓடி வந்தார். எழுபது வயது. கையில் போன்.

"ஏனுங் சாமி, நூத்தியெட்டுக்குச் சொல்லிப் போட்டனுங். தீயணைப்புக்கும் சொல்லிப் போட்டனுங். முக்கா மணி நேரமாவது ஆகும்ங்கறாங்." குனிந்து மாதவனைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, கண்ணு... கண்ணு..."

"அழாதீங்கய்யா," என்றான் மாதவன். "உங்க மரம் நல்ல கனம். பாய்லருக்கு ஏத்த விறகு."

கிழவர் அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், தரையில் கிடந்த மஞ்சள் நைலான் கயிற்றைப் பார்த்தார். அது மாதவனின் இடுப்பிலிருந்து புறப்பட்டுக் கிழக்கே ஓடியது.

"கயிறு ஏனுங் இந்தப் பக்கமாப் போவுது? நேத்து நீங்க மேக்கால, வெட்டவெளில நின்னுட்டுத்தானே புடிச்சிட்டிருந்தீங்? இது கெளைக்கு நேர் கீழல்லங்?"

ஜெயபாண்டி ரம்பத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீங்க மெயின் ரோட்டுக்குப் போய் நில்லுங்கய்யா. வண்டி வழி தெரியாமப் போயிரும்."

"ஆகட்டுங்... ஆகட்டுங்..."

மொபெட் சத்தம் தேய்ந்து, ஈரோட்டு ரயில் ஒன்றின் தூரத்து ஓசையோடு கலந்து, அதுவும் அடங்கியது.

பிறகு ரம்பத்தின் சத்தம் மட்டும். ரம்பம் நிற்கும்போதெல்லாம் மரத்துக்குள் வண்டு அரிக்கும் சத்தம்.

கர்ரக்... கர்ரக்...

அந்தக் கயிறு நாகஜோதி போட்ட நிபந்தனை.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து மூவரும் திருப்பூருக்குப் பிழைக்க வந்து ஆறு வருஷம். நாகஜோதிக்கு வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மாதவனும் அங்கேதான் நிட்டிங்கில் இருந்தான். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி, ராத்திரியெல்லாம் விசில் மாதிரி மூச்சு விட ஆரம்பித்ததும் கம்பெனி ஒத்துவராது என்றாகிவிட்டது. விறகு வெட்டப் போகிற புருஷனோடு தம்பியை அனுப்ப அவளுக்கு மனசே இல்லை. ஒரு வாரம் சண்டை. கடைசியில் மஞ்சள் நைலான் கயிறு அறுபது அடியை அவளே வாங்கிவந்து வாசலில் போட்டாள்.

"மிஷின் போடுறவனுக்குக் காது கேக்காது. நீங்க மேல பாத்துக்கிட்டே இருக்கணும். அவன் இடுப்புல கட்டின கயிறு உங்க கைய விட்டு ஒரு நிமிஷம் விலகக் கூடாது. சம்மதம்னா கூட்டிட்டுப் போங்க. எங்கம்மாவுக்கு ஒரே ஆம்பளப் புள்ள."

"விலகாது," என்று சொல்லித்தான் கூட்டிப்போனான்.

அப்படி அவர்களுக்குள் ஒரு கணக்கு உண்டானது. மெல்ல ஒரு இழுப்பு என்றால், 'நான் இருக்கேன், நீ அறு.' வெடுக்கென்று ஒன்று என்றால், 'மிஷினை நிறுத்து.' இரண்டு இழுப்பு என்றால் ஓடு. மேலே பார்க்காதே, திரும்பிப் பார்க்காதே, கயிறு இழுத்த பக்கமே ஓடு. ஏனென்றால் கயிறு பிடிப்பவன் எப்போதும் கிளையில்லாத பக்கத்தில்தான் நிற்பான்.

இன்றைக்கு மாதவன் கயிறு இழுத்த பக்கம்தான் ஓடினான்.

"மச்சான், தண்ணி."

ஜெயபாண்டி பாட்டில் மூடியில் ஊற்றி உதட்டில் வைத்தான். பாதி கழுத்தில் வழிந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. வேர்வை மட்டும் குளிர்ந்து முத்து முத்தாக நின்றது.

"அக்காட்ட இப்பச் சொல்லிராதீக. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வரட்டும். வையும்."

"சொல்லல."

"கால் போயிருமா?"

"போகாது. பேசாம இரு."

"போனா என்ன, நானும் செக்கிங்ல உக்காந்துக்கிறேன். அக்கா பக்கத்துலயே. அது என்னைய வேலை செய்ய விடாது, தின்னு தின்னுன்னே உசுர வாங்கும்." சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. "மச்சான், நீங்க ரெண்டு இழுத்தீகள்ல, அப்பவே ஓடி வந்துட்டேன். ஒரு நொடிகூடத் தாமதிக்கல. என் மேல தப்பில்ல."

"உன் மேல தப்பில்ல மாப்ள."

"உங்க மேலயும் தப்பில்ல. சரியாத்தான் இழுத்தீக. மரம்தான் பின்னாடியே வந்துருச்சு."

ஜெயபாண்டி அறுத்தான். ரம்பத்தூள் பறந்து நாக்கில் கசந்தது.

"மடத்துக்குளத்துல அந்த வேப்பமரம் ஞாபகம் இருக்கா?" மாதவன் கண்ணை மூடிக்கொண்டு பேசினான். "தை மாசம். அன்னிக்கும் இதே மாதிரிதான். ரெண்டு இழுப்பு. ஓடினேன் பாருங்க, நான் நின்ன எடத்துல இடி மாதிரி வந்து எறங்குச்சு கிளை. அம்மா போன்லயே அழுதுச்சு. உங்க பேருக்குக் காளியம்மன் கோயில்ல தேங்கா ஒடைச்சுச்சு. அக்கா கோழி அடிச்சுக் கொழம்பு வச்சா. உங்களுக்கு மட்டும் ஈரலு."

"பேசாதேன்னு சொன்னேன்ல."

"இல்ல மச்சான், ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன். உங்க கை ஒரு மாதிரி. சில நேரம் முரட்டுக் கை. இழுத்தா இடுப்பு எலும்பு வலிக்கும். சில நேரம் பூ மாதிரி இருக்கும். அழுத்தவே அழுத்தாது. ஆனா இருக்குன்னு தெரியும். மடத்துக்குளத்துல இழுத்தது அந்தக் கைதான். இன்னிக்கும் அதேதான்."

ரம்பம் நின்றது.

வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல." மறுபடி அறுக்க ஆரம்பித்தான்.

பத்து அறுப்பு. இருபது அறுப்பு. மாதவனின் மூச்சு மேலும் மேலும் சிறியதாகிக்கொண்டு வந்தது.

"மச்சான். கயித்தப் பிடிங்க."

"ரெண்டு கையும் ரம்பத்துல இருக்குடா."

"ஒரே ஒரு தடவை. மெல்ல ஒண்ணு. நீங்க இருக்கீகன்னு தெரிஞ்சாப் போதும்."

"கண்ணு முன்னாடிதானேடா இருக்கேன்!"

"கண்ணு தெரியல மச்சான். இருட்டிக்கிட்டு வருது."

நடுப்பகல். மேகமில்லாத வானம். ஜெயபாண்டி கையின் வேகத்தைக் கூட்டினான். இன்னும் கொஞ்சம். இன்னும் நாலு விரல் கனம். நிறுத்தக் கூடாது. கயிற்றைப் பிடிக்கப் போனால் ஒரு நிமிடம் போய்விடும். அந்த ஒரு நிமிடம் இவனிடம் இருக்கிறதோ இல்லையோ.

அப்போது மாதவன் நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான்.

"ம். போதும். பிடிச்சிட்டீக."

ஜெயபாண்டியின் கைகள் ரம்பத்தில் இருந்தன.

இரண்டு கைகளும்.

அவன் தலையை மட்டும் மெல்லத் திருப்பினான். காலையிலிருந்து மண்ணில் புரண்டு கிடந்த கயிறு அது. இப்போது அதிலிருந்து புழுதி உதிர்ந்துகொண்டிருந்தது. கயிறு தரையில் இல்லை. தரைக்கு ஒரு விரல் மேலே, கொடிக்கயிறு போல, நேராக, விறைப்பாக நின்றது.

காற்று இல்லை. ஒரு சருகுகூட அசையவில்லை.

"இன்னொரு தடவை மச்சான்."

கயிறு அசைந்தது. அவன் கண்ணெதிரே அசைந்தது. மெல்ல, ஒரே ஒரு தடவை. மாதவனின் இடுப்பில் இருந்த முடிச்சு ஒரு நூல் நகர்ந்து, பழைய இடத்துக்கு வந்தது.

மறுமுனை கிழக்கே, நாற்பதடி தள்ளி நின்ற இன்னொரு மொட்டைத் தென்னையின் அடித்தண்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அந்தத் தண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஜெயபாண்டிக்குத் தெரியும்.

தெரிந்ததால்தான் அவனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"யாரது?" என்றான்.

வண்டு அரிக்கும் சத்தம்கூட இல்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

அவன் ரம்பத்தை விட்டான். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு, மண்டியிட்டபடியே நகர்ந்து, கயிற்றின்மேல் கத்தியை வைத்தான். கயிறு கத்திக்கு அடியில் நாடித்துடிப்பு மாதிரி துடித்தது.

ஒரு குளிர்ந்த கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

மாதவனின் கை.

"அறுக்காதீக மச்சான்." கண் திறந்திருந்தது, பார்வை வேறெங்கோ இருந்தது. "அது ஒண்ணுதான் என்னையப் பிடிச்சிருக்கு. அத அறுத்தா நான் போயிருவேன்."

"மாப்ள, நான் பிடிக்கலடா. பாரு, இது..."

"நீங்க அறுங்க. மரத்த அறுங்க. கயித்த விட்ருங்க."

ஜெயபாண்டி அரிவாளைக் கீழே போட்டான். வேறு என்ன செய்வான்? மறுபடி ரம்பத்தைப் பிடித்தான். அறுத்தான். அறுத்தான்.

"மச்சான்!"

"என்ன?"

"வெடுக்குனு ஒண்ணு. நிறுத்தச் சொல்லிட்டு நீங்களே ஏன் அறுக்கிறீக?"

அவன் நிறுத்தினான். நிறுத்திய அதே நொடி, மேலே...

ட்டக்.

சின்னச் சத்தம். தீக்குச்சி ஒடிகிற சத்தம். பிடரியில் ஒரு கைப்பிடி பட்டைத்தூள் விழுந்தது. மேலே தொங்கிய கவை ஒரு விரற்கடை வழுக்கி, தென்னை உச்சியில் மறுபடி உட்கார்ந்தது. இன்னும் இரண்டு தடவை ரம்பத்தை இழுத்திருந்தால் அது இறங்கியிருக்கும்.

மூச்சு விடாமல் காத்திருந்தான்.

"ம்," என்றான் மாதவன். "மெல்ல ஒண்ணு. அறுக்கலாம்."

அதற்குப் பிறகு நடந்ததை ஜெயபாண்டி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பவும் மாட்டார்கள். அடுத்த பத்து நிமிடம் அவன் அந்தக் கயிற்றுக்குக் கீழ்ப்படிந்து வேலை செய்தான். மாதவனின் உதடு அசையும்: 'அறுக்கலாம்.' அறுப்பான். 'நிறுத்தச் சொல்லுது.' நிறுத்துவான். ஒவ்வொரு தடவை நிறுத்தியதும் மேலே எங்கோ ஒரு சின்ன முறிவு கேட்கும், அடங்கும். 'ம், மெல்ல ஒண்ணு.'

அது தவறவே இல்லை. ஒரு தடவைகூட.

'நீங்க இழுத்தீக' என்று சொல்வதை மாதவன் எப்போதோ விட்டுவிட்டிருந்தான். அதை ஜெயபாண்டி கவனித்தான். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டே அறுத்தான். திரும்பினால் அங்கே யாரோ இருப்பார்கள் என்று பயம். திரும்பினால் அங்கே யாருமே இருக்க மாட்டார்கள் என்று அதைவிடப் பெரிய பயம். அவனைச் சுற்றி வரிசையாக நின்ற தலையில்லாத தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் பார்ப்பதுபோல இருந்தது. ஆனாலும், முதல் தடவையாக, நெஞ்சுக்குள் ஒரு ஓரத்தில் நம்பிக்கை எட்டிப் பார்த்தது. மூன்று விரல் கனம். இரண்டரை. தூரத்தில், மெயின் ரோட்டுப் பக்கம், ஆம்புலன்ஸின் ஊளை.

"கேக்குதா மாப்ள? வண்டி வந்துருச்சு. கடப்பாரை போட்டு நெம்பினா ஒடிஞ்சிரும். அவ்வளவுதான். அவ்வளவுதான்டா."

மாதவனின் புருவம் சுருங்கியது, யாரோ காதில் ஏதோ சொல்வதைக் கேட்பவன்போல.

"மச்சான்."

"சொல்லு."

"ரெண்டு."

"என்ன?"

"ரெண்டு மச்சான். ஓடுங்க."

ஜெயபாண்டி யோசித்து ஓடவில்லை. எத்தனையோ மாதப் பழக்கத்தில் கால்கள்தான் ஓடின. நாலு எட்டு. ஐந்தாவது எட்டில்தான் மூளைக்கு உறைத்தது. ஐயோ, இவனை விட்டுவிட்டு...

திரும்பினான்.

சத்தம் அப்போதுதான் வந்தது.

தரை குலுங்கியது. புழுதி எழுந்து வெயிலை மறைத்தது. பட்ட மரத்தின் மாவு மூக்கிலும் வாயிலும் அடைத்தது. அவன் இருமிக்கொண்டு, கையால் துழாவிக்கொண்டு, மாதவா மாதவா என்று கூவிக்கொண்டு முன்னே போனான். புழுதி மெல்ல மெல்ல இறங்கியது.

கூப்பிட இனி அங்கே யாரும் இல்லை.

மஞ்சள் கயிறு மண்ணில் தொய்ந்து கிடந்தது. எல்லாக் கயிற்றையும்போல.

சாயங்காலம் ஐந்து மணி. திருப்பூர் அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டு. பிணவறைக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் ஜெயபாண்டி உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் மரத்தூளும் மற்றதும். நாச்சிமுத்து கவுண்டர் ஒரு டீயை வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, போலீஸ்காரரோடு பேசப் போயிருந்தார். டீ ஆடை கட்டியிருந்தது.

நாகஜோதி கம்பெனியிலிருந்து நேராக வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. தலைமுடியெல்லாம் வெள்ளைப் பஞ்சு. அவள் அழவில்லை. கதவைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"எப்படி?"

மத்தியானத்திலிருந்து அவன் இந்தக் கேள்விக்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தான். போலீஸ்காரரிடம் இரண்டு தடவை சொல்லியும் ஆகிவிட்டது. வார்த்தை தடுமாறவில்லை.

"பட்ட மரம். நான் மேல பாத்துக்கிட்டேதான் இருந்தேன் ஜோதி. கிளை அசைஞ்சுச்சு. உடனே ரெண்டு இழுப்பு இழுத்தேன். அவனும் ஓடி வந்தான். ஆனா கிளை அவன் பின்னாடியே..."

"கயிறு உங்க கையிலதான் இருந்துச்சா?"

"கையிலதான்."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு இருக்கும். பதினொண்ணு அஞ்சு."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கூட இமைக்கவில்லை.

பிணவறைக் கதவு திறந்தது. கையுறை போட்ட ஊழியர் ஒருவர் தலையை நீட்டினார். வயதானவர். எத்தனையோ பார்த்த முகம். ஆனால் அந்த முகத்தில் இப்போது ஏதோ சரியில்லை.

"ஏனுங்க, இந்தப் பையனோட ஆளுங்க ஆருங்க? இடுப்புல கயித்து முடிச்சு ஒண்ணு இருக்குதுங்க. தீயணைப்புக்காரங்க வெட்டின கயிறு, ஒரு சாண் வால்தான் மிச்சம். ஆனா அவுக்க அவுக்க இறுகுதுங்க. கத்திரி உள்ள போக மாட்டேங்குது." குரலைத் தாழ்த்தினார். "கட்டினவங்க ஆராச்சும் வந்து அவுத்துக் குடுத்துட்டீங்கன்னாத் தேவலைங்க."

"வர்றேன்," என்றான் ஜெயபாண்டி. எழுந்திருக்கவில்லை.

கதவு பாதி சாத்திக்கொண்டது.

"பதினொண்ணு அஞ்சு," என்றாள் நாகஜோதி. சத்தம் உயரவில்லை. "எங்களுக்கு டீ பிரேக் பதினோரு மணிக்கு. பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் போனு கைக்கு வரும். பதினொண்ணு அஞ்சுக்கு நீங்க எங்கிட்டல்ல பேசிக்கிட்டு இருந்தீக. மாதவன் சாப்பிட்டானான்னு கேட்டேன். சாப்பிட்டான்னீக. அப்புறம் ஏதோ சத்தம் கேட்டுச்சு, அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டீக."

அவன் தரையைப் பார்த்தான்.

"தோப்புக்குள்ள டவர் எடுக்காது," என்றான் கடைசியில். "கிழக்க, வாய்க்கா மேட்டுலதான் எடுக்கும். மேட்டுக்குப் போற வழியில நின்ன தென்னையில கயித்தக் கட்டிட்டுப் போனேன். விறைப்பா இருந்தா நான் பிடிச்சிருக்கேன்னு அவன் நெனைச்சுக்குவான். கிளைப்பக்கம்னு... யோசிக்கல."

"இன்னிக்கு மட்டுமா?"

தலையசைத்தான். இல்லை என்று.

"தினமுமா?"

"பத்து நிமிஷம்தானே ஜோதி. நாள் பூரா அந்தப் பத்து நிமிஷம்தானே நீ எனக்குக் கிடைக்கிற."

அவள் அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றினாள். இறுக்கினாள். விரல்நுனி வெளுத்தது.

"தென்னமரத்துல கட்டின கயிறு எப்படி ரெண்டு தடவை இழுக்கும்?"

அவன் உள்ளங்கையில் காய்ந்திருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினான்.

"கேக்குறேன்ல. கயிறு இழுத்ததாலதான் அவன் ஓடினான். இழுத்தது யாரு?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. தப்பா ஒண்ணும் இழுக்கல அது. நான்தான் தப்பான பக்கம் கட்டிட்டேன்."

"அது?" என்றாள் நாகஜோதி. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவள் உடம்பு பெஞ்சின் கோடிக்கு ஒதுங்கியது. "அதுன்னா... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மொதல்ல எல்லாம் பயந்து பயந்துதான் கட்டிட்டு வருவேன். ரெண்டு நிமிஷத்துல ஓடிருவேன். மடத்துக்குளத்துக்கு அப்புறம் அந்தப் பயம் விட்டுப்போச்சு."

"ஏன்? மடத்துக்குளத்துல நீங்கதானே காப்பாத்துனீக? எங்கம்மா உங்க பேருக்குத் தேங்கா ஒடைச்சாளே. நான் கோழி அடிச்சேனே."

உள்ளேயிருந்து ஊழியரின் குரல் வந்தது. இந்தத் தடவை அதில் நடுக்கம் இருந்தது.

"ஏனுங்க, சீக்கிரம் வாங்க. இன்னும் இறுகுதுங்க."

ஜெயபாண்டி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கதவு வரைக்கும் போனான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"அன்னிக்கும் நான் உங்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தேன், ஜோதி."